வேலியும் பயிரும்

2003-ஆம் ஆண்டு மார்கழி மாதம். தொண்டைக் கரகரப்பும் காய்ச்சலுமாக இரண்டு நாள் படுத்திருந்த எங்கள் தம்பி, ஒரு வைகறையில் கொல்லைப்புறம் சென்று திரும்பி வந்து, "சிறுநீர் பால் ஊற்றாத தேநீர் போலப் போகிறது" என்றான். உடல் சூடு என்றார் ஒருவர். இளநீர் கொடுங்கள் என்றார் மற்றொருவர். மூன்றாம் நாள் நிறம் தெளிந்தது. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் பாடம் நடத்தச் சென்றான். நாங்களும் மறந்துவிட்டோம்.

நாங்கள் என்பது அவனுக்கு மூத்தவர்களாகிய மூவர். காவிரியின் கடைமடையில், தண்ணீர் வந்தால் விளைச்சல், வராவிட்டால் கடன் என்று வாழ்ந்த குடும்பம். மதகைத் திறப்பதும் அடைப்பதும், வரப்பை வெட்டுவதும் கட்டுவதும் எங்கள் கைகள் அறிந்த தொழில். ஆனால் ஒவ்வொருவர் உடலுக்குள்ளும் இரண்டு மதகுகள் இரவும் பகலும் ஓயாது இயங்குகின்றன என்பதையும், அவற்றுக்குக் காவலர்கள் உண்டு என்பதையும், அந்தக் காவலர்களே ஒருநாள் பகைவராக மாறக்கூடும் என்பதையும் தம்பியின் நோய்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கற்ற அனைத்தையும் இங்கே எழுதிவிட முடியாது. எங்களை மாற்றியதை மட்டும் எழுதுகிறோம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றும் நம் கைப்பிடி அளவினது. அதனுள் ஏறத்தாழ பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நூற்கண்டு போலச் சுருண்ட மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று இருக்கிறது. அந்த முடிச்சுகளே வடிகட்டிகள். நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீர் அவற்றின் வழியே வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போலக் கழிவோடு வெளியேற, எஞ்சியதெல்லாம் மீண்டும் இரத்தத்துக்கே திரும்புகிறது. எந்த நீர்க்கட்டியும் இத்துணைக் கவனமாய்த் தண்ணீரைப் பங்கிட்டதில்லை.

இந்த வடிகட்டிகளுக்கும் சிறுகுழல்களுக்கும் இடையே உள்ள சந்துகளில் காவல் அணுக்கள் குடியிருக்கின்றன. பெருவிழுங்கணுக்கள் என்று அவற்றைச் சொல்லலாம். அவற்றுள் சில, குழந்தை கருவில் இருக்கும்போதே அங்கே வந்து அமர்ந்துவிடுகின்றன. குழாயிலிருந்து கசிந்து வருவது எது, அது நல்லதா தீயதா என்று சோதிப்பது அவற்றின் வேலை. இறந்துபோன உயிரணுக்களை அப்புறப்படுத்துவதும், கீழிருந்து மேலேறி வரும் கிருமிகளைத் தடுப்பதும், காயம்பட்ட சிறுகுழலைப் பழுதுபார்க்கத் துணைநிற்பதும் அவற்றின் பொறுப்பே. நாம் நலமாக இருக்கும் நாள்களில் அவை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. நல்ல காவலின் இலக்கணம் அதுதானே!

விழுங்கும் அணுக்கள் காவல் புரிவதை முதன்முதலில் உணர்ந்தவர் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞர். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற உடல்கொண்ட நட்சத்திரமீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் கவனித்துக்கொண்டிருந்த அவர், அவற்றின் உடலில் ஒரு சிறு முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, நகர்ந்து திரியும் அணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. அயலான் நுழைந்த இடத்தில் ஊர் கூடியதுபோல! 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் மற்றொன்றைக் கருதினார். உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்வதற்கு அஞ்சுகிறது, அதைத் தவிர்க்க வழி வைத்திருக்கிறது என்பது அவர் துணிபு. அவர் கருதியது பெரும்பாலும் உண்மை. முழுவதும் உண்மையாக இருந்திருந்தால் எங்கள் தம்பி நோயுற்றிருக்க மாட்டான்.

தேநீர் நிறம் அடுத்த ஆண்டும் வந்தது, மீண்டும் ஒரு தொண்டைக் காய்ச்சலோடு. 2005-இல் கால் வீக்கம் கண்டபோதுதான் பெரிய மருத்துவமனைக்குச் சென்றோம். முதுகுப் பக்கமாக ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து நூலிழை அளவு சதையை எடுத்துச் சோதித்தார்கள். ஐஜிஏ நெஃப்ரோபதி என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். 1968-இல் பாரிசில் ழான் பெர்ஜே என்ற மருத்துவரும் அவருடைய துணைவர் ஒருவரும் முதன்முதலில் விவரித்த நோய் அது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தொண்டையையும் குடலையும் கிருமிகளிடமிருந்து காப்பதற்காகக் காவல் அணுக்கள் ஐஜிஏ என்னும் எதிர்ப்புப் புரதத்தைச் செய்து அனுப்புகின்றன. இந்நோயாளிகளிடம் அப்புரதத்தில் ஒருவகைச் சர்க்கரை குறைந்து, உருவம் சற்றே மாறிப்போகிறது. அந்த மாற்றத்தைக் கண்ட பிற காவலர்கள், தம் படையின் ஆயுதத்தையே அயலானென்று கருதிப் பற்றிக்கொள்கிறார்கள். இரண்டும் பிணைந்து கட்டியாகி, இரத்தத்தில் மிதந்து சென்று, சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் தங்கிவிடுகின்றன. தங்கிய இடத்தில் அழற்சி மூள்கிறது. வடிகட்டி கிழிந்து, இரத்தம் சிறுநீரில் கலக்கிறது.

உடன் வந்திருந்த எங்கள் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்கிறீர்கள்" என்றார். மருத்துவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்பு, "ஆமாம் அம்மா, இதைவிடச் சுருக்கமாக நான் சொல்ல முடியாது" என்றார்.

அதன்பின் ஏழாண்டுகள் மாத்திரைகளோடும் உப்புக் குறைந்த சோற்றோடும் கழிந்தன. இந்நோயில் கொடுமை யாதெனில், காவலர்களின் தவறு மட்டுமன்று; அவர்கள் செய்யும் பழுதுபார்ப்பும் அளவு மீறினால் கேடாகிவிடுகிறது. ஒருமுறை காயம் பட்டால் விழுங்கணுக்கள் முதலில் இடிபாட்டை அகற்றுகின்றன. பிறகு தம் போக்கை மாற்றிக்கொண்டு ஆற்றத் தொடங்குகின்றன. காயம் ஓய்ந்தால் சதை பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஓயாமல் காயம் பட்டுக்கொண்டே இருந்தாலோ, ஆற்றும் பணியும் ஓயாமல் நடந்து, நாரும் தழும்புமாகச் சதை இறுகிவிடுகிறது. வடிகட்டும் மென்மையான இடமெல்லாம் தழும்பாகிப் போகிறது. தம்பியின் சிறுநீரகங்களில் நிகழ்ந்தது இதுதான். 2021-க்குப் பிறகு இந்நோய்க்கென்றே புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று, ஐஜிஏ புரதம் உருவாகும் சிறுகுடலின் கடைப்பகுதியில் கரைந்து வேலை செய்கிறது. இன்று நோயறியப்படும் இளைஞர்கள் பேறு பெற்றவர்கள். எங்கள் தம்பிக்கு அவை காலம் கடந்து வந்தன.

இவ்விடத்தில் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லியாக வேண்டும். 2006-இல் தந்தை மறைந்தார். அவர் விட்டுச்சென்றது அரை வேலி நிலம். பாகப்பிரிவினை நாளில் வாய்க்காலை ஒட்டிய துண்டு யாருக்கு என்பதில் சொல் தடித்தது. எங்கள் மூவருள் ஒருவர் பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து சென்றார். அதன்பின் ஏழாண்டு காலம் அவர் மற்றவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மற்றவரும் அவரை அழைக்கவில்லை. அவரவர் பங்கைக் காப்பதாகவே ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். அதில் பொய்யில்லை. காப்பதாக எண்ணித்தான் காயப்படுத்தினோம்.

2012-இல் தம்பியின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வாழ்ந்தான். டயாலிசிஸ் முடிந்து வரும் மாலைகளில் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, திருத்த முடியாமல் அப்படியே உறங்கிப்போவான். மாற்றுச் சிறுநீரகமே நிலையான வழி என்றார்கள். இந்தியாவில் அச்சிகிச்சை முதன்முதலில் வெற்றிகண்டது நம் வேலூரில், 1971-இல். 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தபின், நெருங்கிய உறவினர் அன்பினால் தருவதற்குத் தெளிவான வழி அமைந்தது.

அம்மாவே முதலில் முன்வந்தார். "பெற்றவள் கொடுத்தால் பிள்ளைக்கு ஒட்டாமல் போகுமா?" என்று கேட்டார். அவருக்கு நீரிழிவு இருந்ததால் மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்று அவர் அழுததைப்போல் தந்தை மறைந்த நாளிலும் அழுததில்லை.

பிற்காலத்தில் ஒரு செய்தியைப் படித்தோம். 1952-ஆம் ஆண்டு டிசம்பரில், பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் ஒரு தாய், விபத்தில் தன் ஒரே சிறுநீரகத்தை இழந்த பதினாறு வயது மகனுக்குத் தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்தார். அது உடனே வேலை செய்தது. மூன்று வாரங்களுக்குப்பின் மகனின் காவல் அணுக்கள் அதை நிராகரித்தன, மகன் இறந்துபோனான். தாய் தன் உடலில் பாதியைத்தான் பிள்ளைக்குத் தருகிறாள், மறுபாதி தந்தையுடையது. தாயின் சிறுநீரகத்தில் இருப்பனவற்றுள் பாதி அடையாளங்கள் பிள்ளையின் காவலருக்கு அந்நியம். தாயன்பை அந்த அணுக்கள் அறியா. முத்திரையை மட்டுமே அறியும்.

அந்த முத்திரைக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். 1958-இல் ழான் டோசே என்பவர் அதன் முதல் தடயத்தைக் கண்டார். ஏறத்தாழ எல்லா உயிரணுக்களின் மேலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி. ஆகையால் உடன்பிறந்தார் இருவருக்கிடையே முழுப் பொருத்தம் அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாதிப் பொருத்தம் நான்கில் இரண்டு. பொருத்தமே இல்லாதிருக்கும் வாய்ப்பும் நான்கில் ஒன்று. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் உண்டு வளர்ந்தும், அணுவின் கணக்கில் அண்ணன் தம்பி முற்றிலும் அயலாராய் இருக்கக்கூடும்!

2013-இல் ஒரு காலைப்பொழுது எங்கள் மூவரையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்திருந்தார்கள். ஏழாண்டுகளுக்குப்பின் ஒரே விசிப்பலகையில் அமர்ந்தோம். நலம் விசாரிக்கவும் நா எழவில்லை. செவிலியர் வந்து, "இவர்கள் மூவரும் உடன்பிறந்தவர்களா?" என்று கேட்டார். யார் "ஆமாம்" என்று சொன்னோம் என்பது நினைவில்லை. மூவருமே சொன்னோம் போலும்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. தம்பியைச் சிறுவயதில் இடுப்பில் சுமந்து, சோறூட்டி வளர்த்தவருக்கு ஒரு முத்திரையும் பொருந்தவில்லை. மற்றொருவருக்குப் பாதி. பத்திரத்தை மடித்துவைத்துவிட்டு எழுந்து சென்றாரே, அவருக்கு முழுப் பொருத்தம். இரத்த வகையும் ஒன்றே. செய்தி அறிந்த அன்றிரவு அவர் எவரிடமும் கலந்து பேசவில்லை. மறுநாள் காலை கைப்பையில் இரண்டு மாற்றுடையோடு மருத்துவமனை வாசலில் நின்றார். அதிகாரிகள் அவரைத் தனியே அமரவைத்து, "யாரேனும் வற்புறுத்தினார்களா?" என்று முறைப்படி கேட்டார்கள். "வற்புறுத்துகிற அளவுக்கு எங்களுக்குள் பேச்சே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அவர் எங்களுள் அண்ணனா, அக்காவா, நடுவிலுள்ளவரா என்பதை நாங்கள் எழுதப்போவதில்லை. கொடுத்தவர் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஆகவேதான் இக்கட்டுரை முழுவதையும் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

அறுவை நடந்த முறையை மருத்துவர் விளக்கியபோது எங்களுக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. பழைய சிறுநீரகங்களைப் பொதுவாக எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் வைத்து, காலுக்குச் செல்லும் பெருங்குழாய்களோடு இணைக்கிறார்கள். இணைத்துக் குழாயைத் திறந்ததும், வெளிறிக் கிடந்தது இளஞ்சிவப்பாகி, அறுவை மேசையிலேயே சிறுநீர் சுரந்ததாம். கடைமடைக்குத் தண்ணீர் வந்த செய்தியை ஊரார் கேட்பதுபோல அந்தச் செய்தியை வெளியே நின்று கேட்டோம்.

இச்சிகிச்சையின் வரலாற்றைப் படித்தபோது, அதுவும் உடன்பிறந்தாரிடமிருந்தே தொடங்கியதைக் கண்டோம். 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவர், ஒருகரு இரட்டையருள் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். முன்னதாக ஒருவர் தோலை மற்றவர் உடலில் ஒட்டிப் பார்த்தார்கள். அது பகையின்றி ஒட்டிக்கொண்டது. பெற்றவர் எட்டாண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை வாழ்ந்தார். தோலைக் கொண்டு சோதிக்கும் அறிவு போர்க்காலத்தில் பிறந்தது. தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோலை ஒட்டிய பீட்டர் மெடவார், முதல்முறையைவிட இரண்டாம்முறை அது விரைவாக உதிர்வதைக் கண்டு, உடலின் காவலர்கள் நினைவாற்றல் உடையவர்கள் என்று நிறுவினார். ஒருமுறை பகையென்று குறித்துக்கொண்டதை அவை மறப்பதில்லை. எங்களைப்போலவே!

இரட்டையர் அல்லாதவர்க்கு என்ன வழி? காவலரைச் சற்றே உறங்கவைப்பதுதான் வழி. அதற்கான மருந்துகளுள் சிறந்தவை மண்ணிலிருந்து கிடைத்தன என்பது உழவர்களாகிய எங்களுக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. தம்பி உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் 1984-இல் கண்டெடுத்த நுண்ணுயிர் ஒன்று தந்தது. காவலர்களுள் படைத்தலைவர் போன்ற டி அணுக்கள் போர்முழக்கம் எழுப்பாதவாறு அவை தடுக்கின்றன. முழுப் பொருத்தமான உடன்பிறந்தாரின் உறுப்புக்கும் அம்மருந்துகள் வேண்டும், எச்.எல்.ஏ. தவிர வேறு சிறு அடையாளங்களும் இருக்கின்றனவே.

ஆனால் உறங்கும் காவலருக்கு விலை உண்டு. நமக்கு இரண்டு நாள் சளியாய்ப் போவது அவனுக்குப் பத்து நாள் மருத்துவமனை. காசநோய்க்கும் அம்மைக்கும் அஞ்ச வேண்டும். கூட்டத்தில் முகக்கவசம் அணிந்தே நிற்கிறான். மிகுதியாக உறங்கவைத்தால் கிருமி கொல்லும். குறைவாக உறங்கவைத்தால் காவலரே உறுப்பைக் கொல்வர். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒற்றையடி வரப்பில் வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டும்.

2017-இல் அவன் அந்த வரப்பிலிருந்து தவறினான். "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இத்தனை மாத்திரை?" என்று மூன்று வாரம் எவருக்கும் சொல்லாமல் மருந்தைக் குறைத்துவிட்டான். 1.2-இல் இருந்த கிரியாட்டினின் 2.6-க்கு ஏறியது. மறுபடியும் ஊசி, மறுபடியும் சதைச் சோதனை. டி அணுக்கள் சிறுகுழல்களின் சுவருக்குள் புகுந்திருந்தன. மூன்று நாள் ஊசிவழி ஸ்டீராய்டு செலுத்தினார்கள். 1.6-இல் வந்து நின்றது, பழைய 1.2 திரும்பவில்லை. அது தழும்பின் கணக்கு.

நாங்கள் அனைவரும் அவனைக் கடிந்துகொண்டோம். கடியாதவர் ஒருவரே. கட்டிலருகே அமர்ந்து, "இதன் இணை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன்னிடம் இருப்பதை நீ பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பின் அவன் ஒருவேளை மருந்தும் தவறியதில்லை.

2025-ஆம் ஆண்டு அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசுச் செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் அதை இருமுறை உரக்கப் படித்தோம். ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சாகாகுச்சி, அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் அப்பரிசு வழங்கப்பட்டது. டி அணுக்கள் நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. தன் உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படுகின்றன என்பது முன்பே அறிந்தது. அந்தத் தேர்விலும் தப்பி வெளியேறுவன உண்டல்லவா? அவற்றைக் கட்டுப்படுத்தி அமைதிப்படுத்தவென்றே தனியொரு வகை டி அணுக்கள் இருப்பதை சாகாகுச்சி 1995-இல் காட்டினார். காவலருக்கும் காவலர், தாக்குவதற்காக அல்லாமல், "போதும், நிறுத்து" என்று சொல்வதற்காகவே படைக்கப்பட்டவை. அவற்றைப் பெருக்கி, மாற்று உறுப்பை உடலே ஏற்றுக்கொள்ளுமாறு செய்ய இயலுமா என்று ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள்.

வலிமையான எதிர்ப்புச் சக்தியே நலம் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். அதற்கென்று பொடியும் கஷாயமும் தேடுகிறோம். எங்கள் தம்பிக்குக் குறைவாக இருந்தது வலிமையன்று. அவனுடைய காவலர்கள் வலிமை மிக்கவர்களாகவே இருந்தார்கள். யார் தன்னவர் என்று அறிவதிலும், எப்போது நிறுத்துவது என்று அறிவதிலுமே பிழை நேர்ந்தது. உடலின் நலம் அந்த இரண்டு அறிவிலும் இருக்கிறது. ஒரு வீட்டின் நலமும் அப்படித்தான் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. ஏழாண்டு கொடுத்து அதைக் கற்றோம்.

நோய் முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டோம். அந்தப் பழைய ஐஜிஏ புதிய சிறுநீரகத்திலும் மீண்டும் படியக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைத் தாளைப் பிரிக்கும்போது நால்வர் நெஞ்சும் ஒன்றுபோல் அடித்துக்கொள்கின்றன. வாய்க்காலை ஒட்டிய அந்தத் துண்டு நிலத்தில் இப்போது இருவர் பங்குக்கும் பொதுவாய் ஒரே மடைதான் உண்டு. தண்ணீர் வரும் ஆண்டில் முறைவைத்துப் பாய்ச்சுகிறோம்.

நாங்கள் கூடும் நாள்களில், மாலை ஏழு மணிக்குத் தம்பியின் கைக்கடிகாரம் ஒலிக்கிறது. பேசிக்கொண்டிருந்தது எதுவாயினும் பேச்சு நின்றுவிடுகிறது. அவன் மாத்திரை டப்பாவைத் திறப்பதற்குள் எங்களுள் யாரேனும் ஒருவர் எழுந்து, குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறோம். இன்றுவரை அதற்கு முறை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.